எல்லாப் பக்கமும் பறந்தது, முன்னால் மட்டும் போகவில்லை: ஹெலிகாப்டரைப் பழக்கிய சிகோர்ஸ்கி

ஒரு ஹெலிகாப்டர் மேலே எழும்புகிறது. அந்தரத்தில் அப்படியே நிற்கிறது. பின்னால் போகிறது, இடதுபக்கம் நகர்கிறது, வலதுபக்கம் நகர்கிறது, நின்ற இடத்திலேயே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் தரையில் இறங்குகிறது. 1940-ல் அமெரிக்காவின் யுனைடெட் ஏர்கிராஃப்ட் நிறுவனத்தில் போட்டுக் காட்டிய படத்தில் இருந்தது இவ்வளவுதான். படம் முடிந்ததும் யூஜின் வில்சன் என்ற உயரதிகாரிக்கு ஒரு சந்தேகம். எல்லாப் பக்கமும் போகிறது, சரி. முன்னால் போகிற மாதிரி ஒரு காட்சிகூட இல்லையே என்று கேட்டார். அது இன்னும் தீர்க்கப்படாத ஒரு சின்னப் பொறியியல் சிக்கல் என்று அமைதியாகப் பதில் சொன்னார் அதை உருவாக்கியவர்.

அவர் இகோர் சிகோர்ஸ்கி. அந்தச் சின்னச் சிக்கல் முழுசாகத் தீர 1941 டிசம்பர் ஆகிவிட்டது.

ஹெலிகாப்டரைக் கண்டுபிடித்ததே இவர்தானா என்று கேட்டால், இல்லை. அவருக்கு முன்பே பிரான்ஸில் லூயி பிரெகேயும் ஜெர்மனியில் ஹென்ரிக் ஃபோக்கேயும் பறக்கக்கூடிய ஹெலிகாப்டர்களைச் செய்துவிட்டார்கள். 1938-ல் ஹன்னா ரைட்ச் என்ற பெண் விமானி பெர்லினில் ஒரு உள்ளரங்கத்துக்குள்ளேயே ஃபோக்கேயின் ஹெலிகாப்டரை ஓட்டிக் காட்டினார். ஆனால் அவை எல்லாம் இரண்டு பெரிய ரோட்டார்களை வைத்துச் சமாளித்தவை. மேலே ஒரு பெரிய ரோட்டார், வாலில் ஒரு சின்ன ரோட்டார் என்று இன்று நாம் பார்க்கிற அமைப்பை, நம்பி ஏறக்கூடிய வாகனமாக மாற்றியது சிகோர்ஸ்கிதான். அதற்கு அவர் பயன்படுத்திய முக்கியமான கருவி, கோளாறு எங்கே இருக்கிறது என்று தேடும் பொறுமை.

கார்புரேட்டருக்குள் ஒரு கொசு

1889 மே 25-ல் ரஷ்யப் பேரரசின் கீவ் நகரத்தில் பிறந்தார் சிகோர்ஸ்கி. அப்பா மனநல மருத்துவப் பேராசிரியர். லியனார்டோ டாவின்சி வரைந்த பறக்கும் திருகு இயந்திரத்தைப் பற்றியும், ஜூல் வெர்னின் கதைகளைப் பற்றியும் அம்மா சொல்லிச் சொல்லி வளர்த்தார். 12 வயதில் ரப்பர் பேண்டால் இயங்கும் ஒரு குட்டி ஹெலிகாப்டரைச் செய்து பறக்கவிட்டார் பையன்.

1909-ல் பாரிஸுக்குப் போய் 25 குதிரைத்திறன் கொண்ட அன்சானி எஞ்சின் ஒன்றை வாங்கி வந்தார். அதை வைத்துச் செய்த முதல் ஹெலிகாப்டர் தரையை விட்டுக் கிளம்பவே இல்லை. 1910-ல் செய்த இரண்டாவது தன் எடையை மட்டும் தூக்கியது, ஆளைத் தூக்கவில்லை. எஞ்சின்களும் பொருட்களும் இன்னும் அந்த அளவுக்கு வரவில்லை என்று புரிந்துகொண்டு, அந்தக் கனவை ஓரமாக வைத்துவிட்டு விமானம் செய்யப் போனார். இந்த இடைவெளி கிட்டத்தட்ட 30 ஆண்டுகள் நீடித்தது.

1911-ல் நடந்த ஒரு சம்பவம் அவர் எப்படிப்பட்ட ஆள் என்பதைக் காட்டிவிடும். எஸ்-5 என்ற தன் விமானத்தில் பறந்துகொண்டிருந்தபோது எஞ்சின் திடீரென்று நின்றுவிட்டது. எப்படியோ இறக்கினார். விமானம் நொறுங்கியது, ஆள் தப்பினார். பிறகு எஞ்சினைப் பிரித்துப் பார்த்தால், பெட்ரோலோடு கார்புரேட்டருக்குள் போன ஒரு கொசு எரிபொருள் வழியை அடைத்திருந்தது. ஒரு கொசுவால் உயிர் போகும் என்றால், ஒரே எஞ்சினை நம்பிப் பறப்பதே தப்பு என்று அவருக்குத் தோன்றியது. 1913-ல் நான்கு எஞ்சின் விமானத்தைப் பறக்கவிட்டார். ஒரு பக்க எஞ்சின் நின்றால் விமானம் சுழன்று விழுந்துவிடும் என்று பலர் எச்சரித்தார்கள். விழவில்லை. அதன் வாரிசான இலியா முரோமெட்ஸ் 1914 ஜூனில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து கீவ் வரை பறந்தது. முதல் உலகப் போரில் அதையே குண்டுவீச்சு விமானமாக்கினார்கள்.

ரஷ்யப் புரட்சி வந்தது. 1918-ல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு பிரான்ஸுக்குக் கிளம்பியவர், 1919 மார்ச்சில் நியூயார்க்கில் இறங்கினார். வேலை இல்லை. தன்னைப் போல நாடு விட்டு வந்த ரஷ்யர்களுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தார். 1923-ல் லாங் ஐலண்டில் ஒரு கோழிப் பண்ணையில் கம்பெனி ஆரம்பித்தார். பணம் தீர்ந்துபோன சமயத்தில் 5,000 டாலர் கொடுத்துக் கைதூக்கிவிட்டது யார் தெரியுமா? இசையமைப்பாளர் செர்கேய் ரக்மானினோவ்.

இந்தப் பயணத்தில் ஒரு கறுப்பு நாளும் உண்டு. 1926-ல் நியூயார்க்கிலிருந்து பாரிஸுக்கு இடைநில்லாமல் பறக்க, ரெனே ஃபோன்க் என்ற பிரெஞ்சு விமானிக்காக எஸ்-35 விமானத்தைச் செய்துகொடுத்தார். அளவுக்கு மீறிய எடையோடு ஓடுதளத்தில் ஓடிய அந்த விமானம் எழும்பாமல் கவிழ்ந்து தீப்பிடித்தது. இரண்டு பேர் இறந்தார்கள். இதற்குப் பிறகும் சிகோர்ஸ்கி தாக்குப்பிடித்ததற்குக் காரணம், தண்ணீரிலும் தரையிலும் இறங்கும் எஸ்-38 விமானத்துக்குக் கிடைத்த வரவேற்பு. அப்புறம் பான் அமெரிக்கன் நிறுவனத்துக்காகப் பெரிய கடல் விமானங்கள் செய்தார். கம்பெனி, யுனைடெட் ஏர்கிராஃப்ட் குழுமத்தில் சேர்ந்தது.

1938-ல் அந்தத் தொழிலும் படுத்தது. கடல் விமானப் பிரிவை மூட நிர்வாகம் முடிவெடுத்தபோது சிகோர்ஸ்கிக்கு 49 வயது. அவர் கேட்டது இரண்டே விஷயம். தன்னோடு பல ஆண்டுகள் வேலை பார்த்த பொறியாளர் குழுவைக் கலைக்கக் கூடாது. ஒரு ஹெலிகாப்டர் செய்து பார்க்கக் கொஞ்சம் பணம் வேண்டும். இரண்டும் கிடைத்தன.

ஹெலிகாப்டர் ஏன் இவ்வளவு அடம்பிடிக்கிறது?

மேலே சொன்ன முன்னால் போகாத விவகாரம் புரியணும்னா, ஹெலிகாப்டரின் மூன்று குணங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

வீட்டு சீலிங் ஃபேனை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் தண்டு உத்தரத்தில் இறுகப் பிடித்திருக்கிறது. அந்தப் பிடிப்பு இல்லையென்றால் என்ன ஆகும்? இறக்கைகள் ஒரு பக்கம் சுற்ற, மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்ற ஆரம்பித்துவிடும். வானத்தில் ஹெலிகாப்டரைப் பிடித்துக்கொள்ள உத்தரம் கிடையாது. அதனால்தான் வாலில் ஒரு சின்ன ரோட்டார். உடல் சுழலாதபடி அது பக்கவாட்டில் தள்ளிக்கொண்டே இருக்கும். இதிலும் ஒரு வினோதம் இருக்கிறது. அப்படித் தள்ளுவதால் ஹெலிகாப்டர் முழுசாகவே ஒரு பக்கம் நகரப் பார்க்கும். அதை ஈடுகட்ட எதிர்ப்பக்கம் லேசாகச் சாய்த்துப் பிடிக்க வேண்டும். அந்தரத்தில் நிற்கும் ஹெலிகாப்டர் ஒரு பக்கம் தாழ்ந்து தெரிந்தால், அது பழுது அல்ல, அதன் சுபாவம்.

இரண்டாவது, முன்னால் போகும்போது வருகிற ஏற்றத்தாழ்வு. எதிர்க்காற்றை நோக்கி வரும் பிளேடுக்கு வேகமான காற்று கிடைக்கும். காற்றோடு பின்னால் போகும் பிளேடுக்குக் குறைவாகத்தான் கிடைக்கும். ஒரு பக்கம் தூக்கும் விசை அதிகம், மறுபக்கம் குறைவு. அப்படியே விட்டால் கவிழ்ந்துவிடும். இதற்கு வழி கண்டவர் ஸ்பெயின் நாட்டுப் பொறியாளர் ஹுவான் டெ லா சியர்வா. 1923-ல் பறந்த தன் ஆட்டோஜைரோவில் ஒவ்வொரு பிளேடையும் கீல் வைத்துப் பொருத்தி, மேலும் கீழும் தானாக அசைய விட்டார். விசை கூடினால் பிளேடு மேலே எழும்பும், அதனாலேயே விசை குறைந்து சமன் ஆகும். சியர்வா 1936-ல் லண்டன் அருகே நடந்த பயணிகள் விமான விபத்தில் இறந்துபோனார். அவர் போட்ட பாதையில்தான் சிகோர்ஸ்கி உள்பட எல்லாரும் நடந்தார்கள்.

மூன்றாவதுதான் மண்டையைக் குழப்புவது. சுற்றும் பம்பரத்தை ஒரு பக்கம் தட்டினால், அது தட்டின திசையில் சாயாது. வேறு திசையில் சாயும். ரோட்டாரும் அப்படித்தான். பின்பக்கம் பிளேடு உயரணும், அதாவது ரோட்டார் முன்னால் சாயணும் என்றால், அந்த இடத்துக்குக் கிட்டத்தட்ட கால் சுற்று முன்னாடியே பிளேடின் கோணத்தைக் கூட்ட வேண்டும். விமானி ஸ்டிக்கை முன்னால் தள்ளுகிறார், ஆனா பிளேடின் கோணம் மாறுவது பக்கவாட்டில். ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு பிளேடும் கோணத்தைக் கூட்டியும் குறைத்தும் மாற்றிக்கொண்டே போகணும். இந்த ஏற்பாட்டுக்குப் பெயர் சைக்ளிக். எல்லா பிளேடுகளின் கோணத்தையும் ஒன்றாகக் கூட்டிக் குறைத்து ஏற இறங்க வைப்பது கலெக்டிவ். இந்தக் கால் சுற்றுக் கணக்கு கொஞ்சம் பிசகினாலும், முன்னால் போகச் சொன்னால் வண்டி சேர்த்துப் பக்கவாட்டிலும் சாயும்.

ஓவர்கோட்டும் தொப்பியுமாக ஒரு சோதனை விமானி

விஎஸ்-300 என்ற அந்த ஹெலிகாப்டரைப் பார்த்தால் பறக்கும் என்று யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். குழாய்களைப் பற்றவைத்துச் செய்த வெறும் எலும்புக்கூடு. 75 குதிரைத்திறன் கொண்ட லைகாமிங் எஞ்சின். 28 அடி விட்டத்தில் மூன்று பிளேடுகள். முன்னால் திறந்த இருக்கை.

1939 செப்டம்பர் 14-ல் கனெக்டிகட் மாநிலத்தின் ஸ்ட்ராட்ஃபோர்டில் அது முதல்முறை தரையை விட்டு எழும்பியது. கவிழாமல் இருக்கக் கயிறுகளால் கட்டியிருந்தார்கள், கீழே எடைகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். சில விநாடிகள்தான் அந்தரத்தில் இருந்தது. ஓட்டியவர் சிகோர்ஸ்கியே. அப்போது அவருக்கு 50 வயது. கோட்டு சூட்டு, தலையில் ஃபெடோரா தொப்பி. ஹெலிகாப்டர் ஓட்டத் தெரிந்த ஆள் யாரும் பக்கத்தில் இல்லாததால், அவர் ஓட்டிக்கொண்டேதான் ஓட்டக் கற்றுக்கொண்டார். தான் வடிவமைத்ததை முதலில் தானே ஓட்டிப் பார்ப்பது கீவ் நாள்களிலிருந்து அவருக்குப் பழக்கம். கொசுவால் விழுந்தவர் ஆயிற்றே!

முதல் வடிவத்தில் சைக்ளிக் இருந்தது. ஆனால் நம்பும்படி வேலை செய்யவில்லை. அதிர்வோ ஆளைக் குலுக்கி எடுத்தது. டிசம்பரில் ஒரு சோதனையின்போது பலமான காற்று அடிக்க, விஎஸ்-300 ஒரு பக்கமாகக் கவிழ்ந்து பிளேடுகள் உடைந்தன. நல்லவேளை, யாருக்கும் உயிருக்கு ஆபத்தில்லை.

இந்த இடத்தில் சிகோர்ஸ்கி எடுத்த முடிவு கவனிக்க வேண்டியது. அவர் முன்னால் ஒரே சமயத்தில் ஏகப்பட்ட கேள்விகள். அதிர்வு எங்கிருந்து வருகிறது? கட்டுப்பாடு ஏன் பிசகுகிறது? ஓட்டத் தெரியாததால் தப்பா, வடிவமைப்பில் தப்பா? எல்லாம் ஒன்றோடு ஒன்று பின்னிக் கிடந்தால் எதையும் கண்டுபிடிக்க முடியாது. அதனால் சந்தேகம் அதிகமுள்ள பாகத்தை, அதாவது சைக்ளிக்கை, அப்படியே கழற்றி ஓரமாக வைத்துவிட்டார். பெரிய ரோட்டார் இனி தூக்கும் வேலையை மட்டும் செய்யும்.

அப்போ திசை மாற்றுவது எப்படி? வாலில் இரண்டு பக்கமும் கை நீட்டிய மாதிரி சட்டங்களைப் பொருத்தி, அவற்றின் நுனியில் படுக்கைவாட்டில் இரண்டு சின்ன ரோட்டார்களை வைத்தார். இரண்டும் சேர்ந்து வாலைத் தூக்கினால் மூக்கு இறங்கும். ஒன்று கூடி ஒன்று குறைந்தால் பக்கவாட்டில் சாயும். ஏற்கெனவே இருந்த செங்குத்து வால் ரோட்டார் உடல் சுழலாமல் பார்த்துக்கொள்ளும். ஆக, வாலில் மட்டும் மூன்று ரோட்டார். பார்க்க அசிங்கமாக இருந்தாலும் வேலை செய்தது. 1940 மே 13-ல் கயிறு எதுவும் கட்டாமல் விஎஸ்-300 சுதந்திரமாகப் பறந்தது.

முன்னால் போகாத மர்மம்

வில்சன் கேள்வி கேட்டது இந்த மூன்று வால் ரோட்டார் வண்டியைப் பற்றித்தான். அந்தரத்தில் நிற்கும்போதும் பின்னால் போகும்போதும் சாதுவாக இருந்த அது, முன்னால் கொஞ்சம் வேகம் எடுத்ததும் முரண்டு பிடித்தது.

காரணம் ரோட்டார் தள்ளும் காற்றில் இருந்தது. அந்தரத்தில் நிற்கும்போது பெரிய ரோட்டார் காற்றை நேராகக் கீழே தள்ளும். முன்னால் போகும்போது அந்தக் காற்று பின்பக்கமாகச் சரிந்து வாலை நோக்கி வரும். அங்கேதான் அந்தப் படுக்கைவாட்டு ரோட்டார்கள் இரண்டும் உட்கார்ந்திருந்தன. கலங்கிய காற்றுக்குள் சிக்கியதும் அவற்றின் பிடி தளர்ந்தது. அவற்றைத்தான் ஸ்டியரிங் மாதிரி நம்பியிருந்தார்கள். வேகம் கூடக் கூட ஸ்டியரிங்கே நழுவினால் எப்படி ஓட்டுவது? பின்னால் போகும்போது வால்தான் முதலில் போகிறது, கலங்கிய காற்று எதிர்ப்பக்கம் ஒதுங்கிவிடுகிறது. அதனால்தான் பின்னால் மட்டும் ஜோராகப் போனது.

வேடிக்கை என்னவென்றால், இந்தக் குறையோடே அது உலக சாதனையும் செய்தது. 1941 மே 6-ல் விஎஸ்-300-ல் சிகோர்ஸ்கி 1 மணி 32 நிமிடம் 26 விநாடி காற்றில் இருந்தார். அதுவரை அந்தச் சாதனை ஜெர்மனியின் ஃபோக்கே ஹெலிகாப்டரிடம் இருந்தது. அதற்குச் சில வாரம் முன்பு, ஏப்ரல் 17-ல், சக்கரங்களுக்குப் பதில் மிதவைகளைப் பொருத்தித் தண்ணீரிலிருந்தும் எழும்பிக் காட்டினார்.

நீண்ட நாள் துணைவரான மைக்கேல் குளுஹரெஃப் உள்ளிட்ட பொறியாளர்களோடு சேர்ந்து, கழற்றி வைத்ததைப் படிப்படியாகத் திரும்பக் கொண்டுவந்தார் சிகோர்ஸ்கி. ஒரே நாளில் அல்ல. முதலில் சைக்ளிக்கைப் பாதி மட்டும் திரும்ப மாட்டினார்கள். பக்கவாட்டில் சாய்ப்பது மட்டும் இனி பெரிய ரோட்டாரின் வேலை. அதனால் வாலில் இரண்டு படுக்கைவாட்டு ரோட்டார்களுக்கு வேலை இல்லை. அவற்றை எடுத்துவிட்டு, ஒன்றை மட்டும் உயரமான தூண் மேல், கலங்கிய காற்றுக்கு எட்டாதபடி வைத்தார்கள். நடத்தை நன்றாகவே மாறியது. சைக்ளிக்கின் ஒரு பாதி சரியாக வேலை செய்கிறது என்று உறுதியான பிறகுதான் மறுபாதிக்குப் போனார்கள். 1941 டிசம்பர் 8-ல், பேர்ல் ஹார்பர் தாக்குதலுக்கு மறுநாள், முழு சைக்ளிக்கோடும் வாலில் ஒரே ஒரு செங்குத்து ரோட்டாரோடும் விஎஸ்-300 பறந்தது. முன்னாலும் போனது.

யோசித்துப் பார்த்தால், முதல் நாள் இருந்த அதே அமைப்புக்குத்தான் திரும்பி வந்திருக்கிறார். ஒரே வித்தியாசம், இப்போது ஒவ்வொரு பாகமும் எதற்கு, எங்கே தப்பு நடக்கும் என்பது அவருக்கும் குழுவுக்கும் தெரியும். சுற்றிவளைத்து வந்த இரண்டு ஆண்டுகளைச் சிலர் வீண் என்று சொல்லக்கூடும். முதல் வடிவத்திலேயே பிடிவாதமாக மல்லுக்கட்டியிருந்தால் ஆளே மிஞ்சியிருப்பாரா என்பது சந்தேகம்.

அசாமிலிருந்து பர்மாவுக்கு

ஒரு மாதம் கழித்து, 1942 ஜனவரி 14-ல், ராணுவத்துக்காகச் செய்த எக்ஸ்ஆர்-4 பறந்தது. மே மாதத்தில் அதை ஸ்ட்ராட்ஃபோர்டிலிருந்து ஒஹையோ மாநிலத்தின் ரைட் ஃபீல்டு விமானத்தளம் வரை 761 மைல் பறந்தே கொண்டுபோனார் சோதனை விமானி லெஸ் மோரிஸ். வழியில் பல இடங்களில் இறங்கி, ஐந்து நாளில் போய்ச் சேர்ந்தார். ஆர்-4 வகையில் மொத்தம் 131 ஹெலிகாப்டர்கள் செய்யப்பட்டன.

ஓட்டியவர்களுக்கு அது சுகமான வண்டி இல்லை. பிளேடுகள் துணி போர்த்தியவை. ஒவ்வொன்றும் ஒரே மாதிரி வளைந்து ஒரே தளத்தில் சுற்றாவிட்டால் ஸ்டிக் கையிலேயே நடுங்கும். எந்த பிளேடு வழிதவறுகிறது என்று கண்டுபிடிக்க அந்தக் காலத்தில் ஒரு எளிய வழி இருந்தது. ஒவ்வொரு பிளேடின் நுனியிலும் வெவ்வேறு நிறத்தில் சாக்பீஸ் பூசுவார்கள். ரோட்டார் சுற்றும்போது, கம்பில் கட்டிய துணியைப் பக்குவமாக நுனிக்கு அருகே கொண்டுபோவார்கள். துணியில் விழும் நிறக்கோடுகள் ஒன்றின்மேல் ஒன்று இருந்தால் சரி. ஒரு நிறம் மட்டும் மேலேயோ கீழேயோ தள்ளி இருந்தால் அந்த பிளேடுதான் குற்றவாளி. துணியைப் பிடிக்கும் மெக்கானிக்குக்கு நல்ல தைரியம் வேண்டும்.

ஆர்-4-ல் கலெக்டிவ் நெம்புகோல் ஒன்றே ஒன்று, இரண்டு இருக்கைகளுக்கும் நடுவே. வலதுபக்கம் உட்கார்ந்து இடது கையால் அதைப் பிடித்துப் பழகியதால்தான், இன்றும் பெரும்பாலான ஹெலிகாப்டர்களில் தலைமை விமானி வலதுபக்கம் உட்காருகிறார் என்று சொல்வார்கள்.

1944 ஏப்ரலில் பர்மா காட்டில், ஜப்பானியப் படை இருந்த பகுதியில் ஒரு சின்ன அமெரிக்க விமானம் விழுந்தது. அதில் விமானியும், காயமும் நோயுமாக மூன்று பிரிட்டிஷ் வீரர்களும் இருந்தார்கள். அவர்களை மீட்க கார்ட்டர் ஹார்மன் என்ற அமெரிக்க விமானி அசாமின் லாலாகாட் தளத்திலிருந்து ஆர்-4 வகை ஹெலிகாப்டரில் கிளம்பினார். சூடான, ஈரமான காற்றில் ரோட்டாருக்குத் தூக்கும் சக்தி குறையும், எஞ்சினும் திணறும். அதனால் ஒரு தடவைக்கு ஒரே ஒரு ஆளைத்தான் ஏற்ற முடிந்தது. இரண்டு பேரைக் கொண்டுவந்ததும் எஞ்சின் சூடேறி மக்கர் பண்ண, மீதி இரண்டு பேரை அடுத்த நாள்தான் மீட்க முடிந்தது. போர்க்களத்தில் ஹெலிகாப்டர் செய்த முதல் மீட்பு என்று வரலாற்றில் பதிவாகியிருப்பது இதுதான். அடுத்த ஆண்டு நவம்பர் 29-ல் கனெக்டிகட் கடற்கரையில் புயலில் மாட்டிய எண்ணெய்ப் படகிலிருந்து இரண்டு பேரை ஆர்-5 ஹெலிகாப்டரின் கயிற்றில் தூக்கிக் காப்பாற்றினார்கள். அதை ஓட்டியவர் சிகோர்ஸ்கியின் உறவுக்காரரான ஜிம்மி வைனர்.

கை வலிக்கு மருந்து: ஹைட்ராலிக்ஸ்

ஹெலிகாப்டர் பெரிசாகப் பெரிசாக இரண்டு தலைவலிகள் வந்தன. ஒன்று எடைச் சமநிலை. போருக்குப் பிறகு வந்த எஸ்-51-ல் ஆள் ஏறி இறங்கினாலே பாரம் முன்பின் நகரும். அதைச் சரிக்கட்டக் கனமான எடைகளை இடம் மாற்றி வைக்க வேண்டியிருந்தது. 1949-ல் பறந்த எஸ்-55-ல் எஞ்சினை மூக்குப் பகுதிக்குக் கொண்டுபோய், பயணிகள் அறையை நேராக ரோட்டாருக்குக் கீழே வைத்தார்கள். யார் ஏறினாலும் இறங்கினாலும் சமநிலை பெரிதாகக் கெடாது. இந்திய விமானப் படை 1954-ல் ஹெலிகாப்டர் யுகத்துக்குள் நுழைந்தது இந்த எஸ்-55 மூலம்தான்.

இன்னொன்று ஸ்டிக்கின் பாரம். சுற்றும் பிளேடுகள் தங்கள் கோணத்தை மாற்ற விடாமல் எதிர்த்துத் திமிறும். அந்தத் திமிறல் ஸ்வாஷ்பிளேட் எனப்படும் தட்டு வழியாக இறங்கி, கம்பிகள் வழியாக விமானியின் கைக்கு வந்து சேரும். சின்ன ஹெலிகாப்டரில் சமாளிக்கலாம். எஸ்-55 அளவுக்கு வந்தால் கை ஓய்ந்துவிடும். அங்கேதான் ஹைட்ராலிக் சர்வோ வந்தது. ஜேசிபியின் கை எப்படி எண்ணெய் அழுத்தத்தில் அசைகிறதோ, அடிப்படை அதுதான்.

விமானி ஸ்டிக்கை அசைத்தால் ஒரு சின்ன வால்வு திறக்கும். அழுத்தத்தில் இருக்கும் எண்ணெய் பிஸ்டனைத் தள்ளும். பிஸ்டன் ஸ்வாஷ்பிளேட்டைத் தள்ளும். ஸ்டிக் எவ்வளவு நகர்ந்ததோ அவ்வளவு நகர்ந்ததும் வால்வு தானாக மூடிக்கொள்ளும். பிளேடின் திமிறல் எண்ணெயோடு நின்றுவிடும், கைக்கு வராது. இதனால் புதுசா ஒரு பிரச்சினை: ஸ்டிக் ரொம்ப லேசாகிவிட்டால் விமானிக்கு எவ்வளவு தள்ளுகிறோம் என்ற உணர்வே இருக்காது. அதற்காகச் செயற்கையாக ஸ்பிரிங் வைத்துக் கொஞ்சம் கனத்தைத் திரும்பக் கொடுக்கிறார்கள்.

இந்த எண்ணெய் அமைப்பில் கோளாறு தேடும் முறையும் விஎஸ்-300 காலத்து வழிதான். ஒன்றை மட்டும் பிரித்துப் பார்க்க வேண்டும். ஸ்டிக் எல்லாத் திசையிலும் கனத்தால் அழுத்தமே குறைந்திருக்கிறது, பம்பையும் எண்ணெய் அளவையும் கசிவையும் பார்க்கணும். ஒரு திசையில் மட்டும் கனத்தால் அந்தத் திசைக்கான சர்வோவோ அதன் இணைப்போதான் சந்தேகத்துக்குரியது. விட்டு விட்டு, பஞ்சு மாதிரி அமுங்கினால் எண்ணெயில் காற்று கலந்திருக்கலாம். கை வைக்காமலே ஸ்டிக் மெல்ல ஊர்ந்தால் வால்வில் தூசி சிக்கியிருக்கலாம். ஸ்டிக் நடுங்குகிறது என்றதும் ஹைட்ராலிக்ஸைக் கழற்ற ஆரம்பித்தால் ஒரு நாள் வீண். பல நேரம் குற்றவாளி மேலே சுற்றும் பிளேடுதான்.

பம்பை எங்கே மாட்டுவது என்பதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. எஞ்சினோடு மாட்டினால், எஞ்சின் நின்றதும் ஹைட்ராலிக்ஸும் நின்றுவிடும். அதனால் ரோட்டாரைச் சுற்றும் கியர்பாக்ஸோடு மாட்டுவார்கள். எஞ்சின் நின்றாலும் கீழிருந்து வரும் காற்றில் ரோட்டார் சுற்றிக்கொண்டே இறங்கும், பம்பும் ஓடிக்கொண்டே இருக்கும். எஸ்-58 வந்தபோது ஒன்றுக்கு இரண்டாக ஹைட்ராலிக் அமைப்பு வைத்தார்கள். 1959-ல் பறந்த எஸ்-61 குடும்பத்திலும் அதுவே தொடர்ந்தது. கிளம்பும் முன் விமானி ஒன்றை அணைத்து மற்றது தனியாகத் தாங்குகிறதா என்று பார்ப்பார், பிறகு அதை மாற்றிப் பார்ப்பார். ஒன்றில் அழுத்தம் இல்லாதபோது மற்றதை அணைக்கவே முடியாதபடி பூட்டும் வைத்திருக்கிறார்கள். இந்திய கடற்படையில் 1971 முதல் பறந்துவரும் சீ கிங் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

பிளேடுகளும் துணியிலிருந்து உலோகத்துக்கு மாறின. உலோகத்தில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் வந்தால்? பிளேடின் உள்ளே ஓடும் பொள்ளலான தண்டுக்குள் நைட்ரஜன் வாயுவை அழுத்தி அடைத்து, ஓரத்தில் ஒரு காட்டியைப் பொருத்தியது சிகோர்ஸ்கி நிறுவனம். மயிரிழை விரிசல் விழுந்தாலும் வாயு கசியும், காட்டியின் நிறம் மாறும். ஏணி போட்டு ஏறி ஒரு பார்வை பார்த்தாலே போதும்.

இவற்றில் பலவற்றைச் செய்தது அவருக்குக் கீழே வளர்ந்த அடுத்த தலைமுறைப் பொறியாளர்கள். சிகோர்ஸ்கி 1957-ல் ஓய்வுபெற்றார், பெயருக்குத்தான். ஆலோசகராக அலுவலகம் வருவதை நிறுத்தவில்லை. கனமான பொருட்களைத் தொங்கவிட்டுத் தூக்கும் பறக்கும் கிரேன் அவருடைய கடைசிக் கால ஆசை, அதுவும் பறந்தது. விஎஸ்-300 மட்டும் 1943 அக்டோபரிலேயே மிச்சிகன் மாநிலத்தில் ஹென்றி ஃபோர்டின் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது. 1972 அக்டோபர் 25-ம் தேதியும் சிகோர்ஸ்கி வழக்கம்போல அலுவலகத்தில் வேலை பார்த்தார். மறுநாள் கனெக்டிகட் மாநிலம் ஈஸ்டனில் உள்ள வீட்டில் காலமானார். வயது 83.